உறையில் இல்லாத பெயர்கள்: ஒலிப்பதிவுக் கலைஞர்களைத் தரவுத்தளங்களில் சேர்த்த அனுபவம்

ஆராய்ச்சி மாணவி ஒருவர் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளியான ஓர் இசைத்தொகுப்பின் நான்காவது பாடலில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் செல்லோ மட்டும் தனித்து ஒலிக்கும் ஓர் இடம் வரும். அதை அவர் தம் ஆய்வேட்டுக்காகக் குறிப்புக் குறிப்பாக எழுதிப் பகுத்திருந்தார். வில்லை எந்த இடத்தில் திருப்பியிருப்பார்கள் என்பது வரை யோசித்திருந்தவருக்கு, வாசித்தவர் யார் என்பது மட்டும் கிடைக்கவில்லை. அவர் தேடிய இசைத் தரவுத்தளங்கள் எல்லாவற்றிலும் பாடியவர், இசையமைத்தவர், தயாரித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. செல்லோ என்ற சொல்லே எங்கும் இல்லை. அந்தத் தொகுப்பு பதிவான கூடத்தில் அந்தக் காலத்தில் நான் வயோலா வாசித்தேன் என்று யாரோ சொல்லக் கேட்டு எனக்கு எழுதியிருந்தார். வாசித்தவர் பெயர் தெரியவில்லை என்று ஆய்வேட்டில் குறிப்பிட்டுவிடலாமா என்பதே அவருடைய கேள்வி.

எனக்குத் தெரியும். அந்தப் பதிவில் என் வலப்பக்க நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பதிவுக் கூடங்களிலேயே வாசித்தவர், மாணவியின் கடிதம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய பெயரை எழுதி அனுப்பிவிட்டு நானும் தரவுத்தளங்களில் அவரைத் தேடிப் பார்த்தேன். ஒரே ஓர் இசைத்தட்டில், பதினான்கு பேர் கொண்ட பட்டியலில், எழுத்துப் பிழையோடு அவர் பெயர் இருந்தது. நாற்பது ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான் பதிவாகியிருந்தது. தரவுத்தளத்தில் பெயர் இல்லாத இடம் யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் கிழிசல் தெரியும். இங்கே கட்டமே இல்லாததால், பெயர் விடுபட்டிருக்கிறது என்பதுகூடப் பார்ப்பவருக்குத் தெரியாமல், அங்கே ஆளே இருந்ததில்லை என்றுதான் பொருள்படுகிறது. அன்று இரவு நான் கணினி முன் உட்கார்ந்தது அதனால்தான். அதன்பின் ஆறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். அதில் கற்றவற்றை, செய்த தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

பெயர்கள் எங்கே தொலைகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பதிவு நடக்கும் அன்று எல்லாப் பெயரும் கூடத்தில் யாரோ ஒருவரிடம் இருக்கின்றன. வாசித்தவர்களுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதால், வருகைக் குறிப்பு ஏதாவது ஒரு நோட்டில் கட்டாயம் இருக்கும். அந்த நோட்டிலிருந்து இசைத்தட்டின் உறையை அச்சிடுபவரிடம் போகும்போது, இடப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி முதல் வெட்டு விழுகிறது. பல நிறுவனங்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயரைப் போடும் வழக்கமே இருக்கவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960களில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரின் பெயர்கள், 1971இல் பாடகர் மார்வின் கேயின் தொகுப்பு ஒன்று வெளிவரும் வரை அந்நிறுவனத்தின் உறைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அவர்களின் பேஸ் கிட்டார் வாசிப்பைக் கேட்டு ஒரு தலைமுறையே அந்த வாத்தியத்தைக் கற்றுக்கொண்டது. ஆனால் தாங்கள் யாரைக் கேட்டுக் கற்கிறோம் என்பது கற்றவர்களில் பலருக்குத் தெரியாது.

உறையில் அச்சான பெயர்களும் அடுத்த கட்டத்தில் உதிர்ந்தன. குறுந்தகடு வந்தபோது அதன் அடிப்படைத் தரத்தில் பாடலின் பெயரைக்கூடப் பதித்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணினியில் தகட்டைப் போட்டால், பாடல்களின் எண்ணிக்கையையும் அவை தொடங்கும் இடங்களையும் கொண்டு ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அதை இணையத்தில் உள்ள ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெயர்களைக் காட்டும். அந்தப் பட்டியலை நிரப்பியவர்கள் கேட்பவர்களே. தொகுப்பின் பெயரையும் பாடியவர் பெயரையும் பாடல்களின் பெயர்களையும் பொறுமையாகத் தட்டச்சு செய்தவர்கள், உள்தாளின் பொடி எழுத்துகளை விட்டுவிட்டார்கள். எம்பி3 கோப்புகளோடு 1996இல் வந்த, பாடல் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே வைக்கும் முதல் ஐடி3 குறிச்சொல் மொத்தமே 128 பைட்டுகள் கொண்டது: தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, மீதி 4 குறிச்சொல்லின் அடையாளத்துக்கும் இசைவகைக்கும். கலைஞர் என்றால் ஒருவர்தான், அவர் பெயரும் முப்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும். பின்னர் 2000இல் வெளியான 2.4 பதிப்பில், யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்பதற்கென்றே தனிப் புலம் ஒன்றை வைத்தார்கள். ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான கோப்புகள் ஒற்றைப் பெயரோடு பரவியிருந்தன. நாம் இன்று காணும் வெற்றிடங்களில் பெரும்பகுதி யாருடைய கெட்ட எண்ணத்தாலும் உண்டானதன்று. முப்பது எழுத்துக்குள் உலகத்தை அடக்கிய ஒரு வடிவமைப்பின் மிச்சம் அது.

முதல் இரவில் நான் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். தன்னார்வலர்கள் நிரப்பும் இசைத் தரவுத்தளமான மியூசிக்பிரெயின்ஸில் கணக்குத் தொடங்கி, அந்தத் தொகுப்பின் எட்டுப் பாடல்களுக்கும் நினைவிலிருந்தே பதினேழு பெயர்களைச் சேர்த்தேன். மூன்றாம் நாள் தன்னார்வலர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, இந்தத் தகவலுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நான் அங்கே இருந்தேன், இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று கடுமையாகப் பதில் எழுதினேன். சில வாரங்கள் கழித்து, அந்தச் செல்லோ கலைஞரின் மகள் தம் அம்மாவின் நாட்குறிப்புகளை எனக்கு அனுப்பி வைத்தார். தேதி, கூடம், பாடலின் முதல் வரி, உடன் வாசித்தவர்களின் முதலெழுத்துகள் எல்லாவற்றையும் அந்த அம்மையார் பென்சிலால் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது நான் சேர்த்த பெயர்களில் இரண்டு தவறு என்று தெரிந்தது. ஆறாவது பாடலின் குழல் வாசிப்பு, நான் இருந்த நாளில் ஒருவர் வாசித்தது உண்மை. ஆனால் அது பிடிக்காமல், பத்து நாள் கழித்து வேறொருவரை அழைத்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள். வெளியானது இரண்டாமவரின் வாசிப்பு. கூடத்தில் உட்கார்ந்திருந்ததும் பதிவில் ஒலிப்பதும் வேறு வேறு என்பதை முப்பது ஆண்டு வாசித்த பிறகும் நான் யோசிக்கவில்லை. ஒருவருக்குப் பெயர் வாங்கித் தருவதாக நினைத்து, இன்னொருவரின் பெயரைப் பறித்திருக்கிறேன். அந்தத் தன்னார்வலரிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டையும் திருத்தினேன். அவர் பின்னாளில் எனக்குப் பெரிய துணையாக இருந்தார்.

அதன்பின் எந்தப் பெயரைச் சேர்த்தாலும், அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் திருத்தக் குறிப்பில் எழுதுகிறேன். உறையில் அச்சாகியிருந்தால் எந்தப் பதிப்பின் உறை, எந்தப் பக்கம் என்றும், நாட்குறிப்பாக இருந்தால் யாருடையது, என்ன தேதி என்றும், என் நினைவு மட்டுமே என்றால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நினைவை ஆதாரமாகக் கொள்ளலாம்; ஆனால் குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும் முறையும் முக்கியம். "அந்தப் பாடலில் இன்னார்தானே வாசித்தார்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காகவாவது ஆமாம் என்று சொல்லிவிடுவார். பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, "இது யார் கை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

காகித ஆதாரங்கள் எதிர்பாராத இடங்களில் கிடைக்கின்றன. பதிவு நாடா இருந்த பெட்டியின் மூடியில் தடங்களின் பட்டியல் ஒட்டியிருக்கும். ஏழாம் தடம் யாருடையது என்று அதில் பெயரோடு எழுதும் பொறியாளர்களும் உண்டு. வாசித்தவர்கள் பயன்படுத்திய ஸ்வரத் தாள்களின் ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கும். புகைப்படங்களில் முகம் தெரியாவிட்டாலும் வாத்தியம் தெரியும். வாத்தியத்தின் வார்னிஷ் நிறத்தை வைத்தே ஒரு வயலின் கலைஞரை எங்களுக்குள் அடையாளம் கண்டிருக்கிறோம். ஊதியச் சீட்டுகள் மிக வலுவான ஆதாரம். ஆனால் அவற்றில் தொகையும் வங்கிக் கணக்கும் முகவரியும் இருக்கும் என்பதால், படமாக எங்கும் ஏற்றக் கூடாது. அப்படியொரு சீட்டைப் பார்த்தேன் என்று திருத்தக் குறிப்பில் எழுதினால் போதும்.

இரண்டாவதாக நான் கற்றது, ஒரு பெயரை எந்த மட்டத்தில் சேர்ப்பது என்பது. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு பாட்டு, அதை ஒருமுறை பாடி வாசித்துப் பதிந்த பதிவு, அந்தப் பதிவு இடம்பெறும் வெளியீடு ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள். மியூசிக்பிரெயின்ஸ் இவற்றை மூன்று தனி வகைகளாகவே வைத்திருக்கிறது. மெட்டமைத்தவரும் பாட்டெழுதியவரும் முதலாவதோடு சேர்வார்கள். வாசித்தவர்களும் பாடியவர்களும் இரண்டாவதோடு சேர்வார்கள். உறையை வடிவமைத்தவரும் அந்த உறையில் எழுதியவரும் மூன்றாவதோடு சேர்வார்கள். செல்லோ வாசித்தவரை ஒரே ஒரு முறை சரியான பதிவோடு இணைத்துவிட்டால், அதே பதிவு பின்னர் இடம்பெற்ற பன்னிரண்டு தொகுப்புகளிலும் அவர் பெயர் தானாக வந்து நிற்கும். டிஸ்காக்ஸ் தளம் வேறு தத்துவத்தில் இயங்குகிறது. அங்கே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு, கையில் இருக்கும் தட்டிலும் உறையிலும் அச்சானதே அடிப்படை. நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். உறை என்ன சொன்னது என்பதை டிஸ்காக்ஸிலும், உண்மையில் என்ன நடந்தது என்பதை மியூசிக்பிரெயின்ஸிலும் பதிகிறேன்.

இந்த வேறுபாடு வெறும் நூலகக் கணக்கன்று. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், சொற்களே இல்லாமல் குரலாலேயே ஒரு பாடலைச் சுமந்தவர் கிளேர் டோரி. முதல் உறையில் பாடியவர் என்ற அளவில் அவர் பெயர் இருந்தது. அந்தக் குரல் வரிசையை அங்கேயே கற்பனை செய்து உருவாக்கியவர் தாமே என்று 2004இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் சமரசம் ஏற்பட்டு, அதன் பிறகான பதிப்புகளில் படைப்பாளிகளில் ஒருவராகவும் அவர் பெயர் வந்தது. பாடியவர் என்பது பதிவைச் சார்ந்த தகவல். படைத்தவர் என்பது பாட்டைச் சார்ந்த தகவல். பழைய உறையில் அது இல்லை என்பது வெளியீட்டைச் சார்ந்த வரலாறு. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. மூன்றையும் ஒரே கட்டத்தில் திணிக்கும் தரவுத்தளம் ஏதாவது ஒன்றைப் பொய்யாக்கியே தீரும்.

மறுபதிப்பில் ஒலியைச் சற்றுத் துலக்கி வெளியிட்டால் வாசித்தவர்கள் மாறுவதில்லை. ஆனால் பழைய பாட்டை அதே பாடகர் புதிய குழுவோடு மறுபடி பதிந்திருந்தால் அது முற்றிலும் வேறு பதிவு. நீளம் மூன்று நொடி மாறினாலே சந்தேகப்பட்டு இரண்டையும் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்துக் குறியீடு பதிவுக்குப் பதிவு வேறுபட வேண்டும் என்பது விதி. இருந்தாலும் நடைமுறையில் ஒரே பதிவுக்கு இரண்டு குறியீடுகள் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் குறியீடு பதிவை அடையாளம் காட்டும். யார் வாசித்தார் என்பது அதற்குள் இல்லை. குறியீடு வாங்கிவிட்டால் பெயரெல்லாம் பதிவாகிவிட்டதாக நினைக்கும் இளம் கலைஞர்களை அடிக்கடி சந்திப்பதால் இதைச் சொல்கிறேன்.

பெயர்களே பெரிய சிக்கல். ஒரே பெயரில் இரண்டு தபேலாக் கலைஞர்கள் இருந்தால், ஒருவரின் வாழ்நாள் வேலை மற்றவரின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடும். டிஸ்காக்ஸில் ஒரே பெயருள்ளவர்களை அடைப்புக்குறிக்குள் எண் போட்டுப் பிரிக்கிறார்கள். மியூசிக்பிரெயின்ஸில் பெயருக்குப் பக்கத்தில் சிறு விளக்கம் எழுதலாம். அந்த விளக்கத்தில் வாத்தியத்தையும் இயங்கிய காலத்தையும் தவறாமல் எழுதுங்கள். மறுபக்கம், ஒரே மனிதர் நான்கு பேராகப் பிரிந்து கிடப்பார். முதலெழுத்தோடு ஓர் உறையில், முதலெழுத்து இல்லாமல் இன்னொன்றில், திருமணத்துக்குப் பின் மாற்றிய பெயரோடு மூன்றாவதில், வேறு எழுத்து முறைக்கு மாற்றும்போது ஒலி திரிந்த வடிவத்தில் நான்காவதில். அந்த வடிவங்களை அழித்துவிடக் கூடாது. ஒரே கலைஞர் பக்கத்தின் கீழ் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து, ஒவ்வொரு வெளியீட்டிலும் அச்சான வடிவத்தை அப்படியே காட்டும் வசதி இரண்டு தளங்களிலும் உண்டு. இணைப்பதற்கு முன் பொறுமை வேண்டும். பிரிந்து கிடப்பவரை நாளை சேர்த்துக்கொள்ளலாம். தவறாகச் சேர்த்த இருவரைப் பிரிக்க ஒவ்வொரு பதிவையும் மறுபடி ஆராய வேண்டியிருக்கும். ஒரு முறை அப்படிப் பிரிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

தந்திக் குழுவில் வாசித்த எங்களுக்கு உரிய இன்னொரு துயரத்தையும் குறிப்பிட வேண்டும். உறையில் "தந்திகள்" என்று போட்டு ஒரே பெயர் இருக்கும். அவர் குழுவை அழைத்து வந்து ஒருங்கிணைத்தவர். அந்தப் பெயரைத் தரவுத்தளத்தில் சேர்ப்பவர், அவரே எல்லாத் தந்தி வாத்தியங்களையும் வாசித்ததாகப் பதிந்துவிடுகிறார். ஒருங்கிணைத்தவரின் பங்கும் பெரியதுதான். அதற்கான சொல்லைத் தேர்ந்து அதற்குரிய இடத்தில் அவரைச் சேர்ப்பதே அவருக்கும் மரியாதை. வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தெரிந்த அளவுக்கு மட்டும் குறிப்பிடுங்கள். வயலினா வயோலாவா என்று உறுதியாகத் தெரியாதபோது பொதுவாகத் தந்தி வாத்தியம் என்று விடுவதில் குறையொன்றும் இல்லை.

தரவுத்தளத்தில் திருத்தினால் பாட்டுக் கேட்கும் செயலிகளில் தானாக மாறிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. செயலிகள் காட்டும் பெயர்கள், பதிவின் உரிமையாளரோ அவருடைய விநியோகஸ்தரோ அனுப்பும் தகவலிலிருந்து வருபவை. ஸ்பாட்டிஃபை செயலி 2018இல் படைப்பாளர் விவரங்களைக் காட்டத் தொடங்கியபோதும் அதற்கு ஆதாரமாக இருந்தது நிறுவனங்கள் கொடுத்த தகவலே. ஆகவே உரிமை வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு, பழைய தொகுப்புகளைத் திருத்த ஆள் இல்லை என்று வந்தது. பிறகுதான் கடிதம் எழுதும் முறையை மாற்றினேன். மனக்குறையைச் சொல்லாமல், பாடலின் பெயர், ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு, வாசித்தவரின் பெயர், வாத்தியம், ஆதாரம் ஆகியவற்றை ஒரு விரிதாளில் வரிசையாக நிரப்பி, அப்படியே ஒட்டிக்கொள்ளும் வடிவில் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து இருபத்திரண்டு பாடல்களில் பெயர்கள் ஏறின. அங்கே வேலை செய்பவரும் ஒரு மனிதர்தான். அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தினால் வேலை நடக்கிறது.

இதை உதவியாகக் கேட்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1961இன் ரோம் உடன்படிக்கை, வாசிப்பவர்களின் பெயரைக் குறிப்பிடும் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. 1996இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு 2002இல் நடைமுறைக்கு வந்த நிகழ்த்துநர், ஒலிப்பதிவு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, தாம் நிகழ்த்தியதைத் தம்முடையதென்று அடையாளம் காட்டும்படி கோரும் உரிமையை நிகழ்த்துநருக்குத் தருகிறது. பயன்படுத்தும் முறை காரணமாகப் பெயரை விட நேர்ந்தால் மட்டும் விலக்கு உண்டு. வானொலியில் ஒரு பாட்டுக்கு முன் நாற்பது பெயர்களை வாசிக்க முடியாது என்பது புரிகிறது. கீழே தள்ளிக்கொண்டே போகும் ஒரு திரைக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது பதிவுக் கூடங்களில் வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாத்தியத்தைப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று வாசித்த எல்லோருடைய முழுப் பெயரையும் அவரவர் விரும்பும் எழுத்துக்கூட்டலில், வாத்தியத்தோடும் பாடலோடும் தேதியோடும் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டுக்குத் தற்காலிகப் பெயர் வைத்திருந்தால் முதல் வரியையோ சுருதியையோ தாளத்தையோ சேர்த்துக் குறியுங்கள். தற்காலிகப் பெயர் வெளியீட்டில் மாறிவிடும், பின்னர் எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தாளைப் படமெடுத்து ஒலிப்பதிவாளருக்கும் தயாரிப்பாளருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். இசைத்துறைக்கான தகவல் தரங்களை வகுக்கும் டிடிஇஎக்ஸ் அமைப்பு உருவாக்கிய ரின் என்ற தகவல் வடிவம், இந்த விவரங்களைக் கூடத்திலேயே கோப்பாகச் சேகரித்து நிறுவனத்துக்கு அனுப்புவதற்கென்றே இருக்கிறது. அதைக் கையாளும் மென்பொருள் உங்கள் கூடத்தில் இருந்தால் கேட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் தாளும் பென்சிலும் போதும்.

மூத்த கலைஞர்களைச் சந்திக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் காட்டிப் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரை வெளியிடுவதில் அவருக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்தை மீறி வேறொரு நிறுவனத்துக்கு வாசித்ததால் புனைபெயரில் இருந்தவர்களும், தனிக் காரணங்களால் ஒதுங்கியவர்களும் உண்டு.

அந்த மாணவியின் ஆய்வேடு வெளிவந்துவிட்டது. செல்லோ கலைஞரின் பக்கத்தில் இன்று முந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவருடைய மகள் வாரம் ஒருமுறை நாட்குறிப்பின் சில பக்கங்களைப் படித்து எனக்கு அனுப்புகிறார். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணமான அந்த நான்காவது பாடலில், செல்லோவுக்குப் பின்னால் எட்டு அட்சரத்துக்கு ஒரு ஹார்ன் ஒலிக்கிறது. அதை வாசித்தவர் அன்று எங்களுக்குப் பின்வரிசையில், கதவருகே உட்கார்ந்திருந்தார். முகம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில் இல்லை. நாட்குறிப்பில் அந்தத் தேதியில் ஹார்ன் என்று எழுதி ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. செல்லோ கலைஞரும் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை போலும். பதிவின் குறிப்புப் பகுதியில், இந்த இடத்தில் ஹார்ன் வாசித்தவர் ஒருவர் இருக்கிறார், பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதி, தேதியையும் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.